போர்த்துக்கலுக்கு எதற்காகப் போகிறீர்கள்?

ஷெங்கன் வீசா விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. பயணத்தின் நோக்கம் என்ன? அதன் கீழே சிறு சிறு பெட்டிகள். சுற்றுலா, வணிகம், உறவினரையோ நண்பரையோ பார்த்தல், பண்பாடு, விளையாட்டு, மருத்துவம், கல்வி என்று வரிசை நீள்கிறது. பொருத்தமான பெட்டியில் ஓர் அடையாளம் இட்டால் போதும். மூன்று கிழமைகளாக நான் அந்தக் கேள்வியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். முப்பது வருடங்களாகப் பிறரிடம் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கியவன் ஒரு படிவம் கேட்ட கேள்விக்கு விடை எழுத முடியாமல் திணறுகிறான் என்பது என் சக பத்திரிகையாளர்களுக்கு நல்ல பகிடியாக இருக்கும்.

நான் போக நினைப்பது போர்த்துக்கலுக்கு. செப்டெம்பர் மாதக் கடைசியில், முந்திரிகை அறுவடைக் காலத்தில், பன்னிரண்டு நாட்கள். (தமிழகத்து வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றால் திராட்சை. நீங்கள் முந்திரி என்பது எங்களுக்கு மரமுந்திரிகை. குழப்பம் வேண்டாமென்பதால் இனித் திராட்சை என்றே எழுதுகிறேன்.)

செய்தியைக் கேட்டவர்கள் யாவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். என்னோடு உயர்தரம் வரை படித்து, இப்போது பாரிஸில் இருக்கும் நண்பன் தொலைபேசியில் சிரித்தான். "போர்த்துக்கலிலை என்னடா மச்சான் இருக்கு? இஞ்சை வா. லாச்சப்பலிலை ஒரு சுத்துச் சுத்தினால் யாழ்ப்பாணம் முழுக்கப் பாக்கலாம். அங்கை உனக்கு ஆரைத் தெரியும்?" ஒருவரையும் தெரியாது என்றேன். "பிறகேன் போறாய்?" என்றான். ஊரிலிருக்கும் சின்னம்மாவின் கவலை வேறு. போர்த்துக்கல் வைனுக்குப் பேர்போன நாடு என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "குடிக்கிறதுக்கு இவ்வளவு தூரம் போகவேணுமே தம்பி?" என்று கேட்டார். ஐம்பது வயதைக் கடந்த பின்னும் இந்தக் கேள்விக்குத் தலைகுனிந்துதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இவர்கள் இருவருக்கும் விடை சொல்வதற்கு முன் பழைய கதையொன்றைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன்னர் ஐரோப்பிய நாடொன்றில் நடைபெற்ற ஊடகக் கருத்தரங்குக்கு என்னை அழைத்திருந்தார்கள். நாட்டின் பெயர் இங்கே வேண்டாம். அழைப்புக் கடிதம், அலுவலகக் கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கை, திரும்பி வருவதற்கான பயணச்சீட்டு எல்லாவற்றையும் கொடுத்திருந்தேன். கடவுச்சீட்டோடு ஒரு தாள் திரும்பி வந்தது. அச்சிடப்பட்ட காரணங்களின் வரிசையில் ஒன்றுக்கு நேரே அடையாளம் இடப்பட்டிருந்தது. வீசாக் காலம் முடிவதற்குள் விண்ணப்பதாரர் நாட்டைவிட்டு வெளியேறுவாரா என்பதில் நியாயமான ஐயம் உள்ளது என்பதே அதன் பொருள்.

அந்த ஐயம் முற்றாக நியாயமற்றது என்று சொல்ல என்னால் முடியவில்லை. என் வகுப்பில் படித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இன்று ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் சுற்றுலா என்றோ படிப்பு என்றோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள். சிலர் எதையுமே எழுதாமல், காடுகளையும் லொறிகளின் பின்புறங்களையும் கடந்து போனவர்கள். அவர்களுடைய உண்மையான நோக்கத்துக்கு அந்தப் படிவத்தில் பெட்டி இருக்கவில்லை. உயிர் தப்புதல் என்று ஒரு பெட்டியை எந்தத் தூதரகமும் அச்சிடுவதில்லை. ஆகவே அவர்கள்மீதும் எனக்குக் குறையில்லை, என் விண்ணப்பத்தை நிராகரித்த, பெயர் தெரியாத அந்த உத்தியோகத்தர்மீதும் பெரிய கோபமில்லை.

என் கவலை வேறொன்று. அந்த ஐயம் காலப்போக்கில் எங்களுக்குள்ளேயும் இறங்கிவிட்டது. ஐரோப்பா என்பது தப்பிப் போகும் இடம், அல்லது தப்பிப் போனவர்களைப் பார்க்கப் போகும் இடம் என்பதே எங்கள் எண்ணமாகிவிட்டது. ஒரு நாட்டை அறிய வேண்டும் என்பதற்காக மட்டும் ஒரு யாழ்ப்பாணத்தான் அங்கே போகலாம் என்பது தூதரகத்துக்கு மட்டுமல்ல, எங்கள் சொந்தங்களுக்கே நம்பமுடியாததாகிவிட்டது. இங்கிருந்து ஐரோப்பா போய்வந்தவர்களின் படங்களைப் பாருங்கள். ஈபிள் கோபுரத்தின் முன்னால் ஒரு படம், மற்றவையெல்லாம் யாரோ ஒருவருடைய வரவேற்பறையில், பிறந்தநாள் கேக்கின் முன்னால். வசதி உள்ளவர்கள் பேருந்தில் ஏறிப் பத்து நாளில் ஏழு நாடு பார்த்துத் திரும்புகிறார்கள். எந்தப் படம் எந்த நாட்டில் எடுத்தது என்று அவர்களுக்கே பிறகு தெரிவதில்லை. உறவினர் வீட்டுக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. முப்பது வருடம் காணாத தம்பியைப் பார்ப்பதைவிடச் சிறந்த பயணம் வேறில்லை. ஆனால் அது தம்பியைப் பார்ப்பது, பிரான்சைப் பார்ப்பதல்ல.

வைன் விளையும் நாடொன்றைத் தேர்ந்தது ஏன் என்றால், வைன் என்பது போத்தலுக்குள் அடைத்த நிலம். ஒரு நாட்டின் மண், அங்கு உழைத்தவர்கள், அவர்களின் உழைப்பை விற்றுப் பணம் பண்ணியவர்கள், போட்ட சட்டங்கள், வந்த நோய்கள் எல்லாமே அதில் எழுதப்பட்டிருக்கும். தேயிலை பயிரிடும் தீவொன்றிலிருந்து போகிறவனுக்கு இதை வாசிப்பது கடினமல்ல.

வடக்குப் போர்த்துக்கலில் டூரோ என்ற ஆறு ஓடுகிறது. ஸ்பெயினில் பிறந்து, ஏறக்குறைய 900 கிலோமீற்றர் ஓடி, போர்ட்டோ நகருக்கருகில் அத்திலாந்திக் சமுத்திரத்தில் விழுகிறது. அதன் மேற்பகுதிப் பள்ளத்தாக்கில் மண் என்று சொல்லத்தக்க மண் கிடையாது. தகடு தகடாகப் பிளக்கும் பாறைதான். அந்தப் பாறையை உடைத்து, உடைத்த கல்லைக் கொண்டே மதில் கட்டி, மதிலுக்குப் பின்னால் பாறைத்தூளை நிரப்பித் திராட்சைக் கொடியை நட்டிருக்கிறார்கள். ஆற்றங்கரையிலிருந்து மலையுச்சி வரை படிப்படியாக அந்த மதில்கள் ஏறுகின்றன. யுனெஸ்கோ 2001 இல் இந்தப் பிரதேசத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மாளிகையோ தேவாலயமோ அல்ல, கூலிக்கு வந்தவர்களின் கைவேலை ஒரு மரபுரிமை ஆகியிருக்கிறது. மதில் கட்டியவர்களில் ஒருவருடைய பெயரும் எந்தப் போத்தலிலும் இல்லை.

போத்தலில் உள்ள பெயர்கள் சாண்டிமன், கிரகாம், கொக்பேர்ன், டெய்லர். எல்லாம் பிரித்தானியப் பெயர்கள். இங்கிலாந்தும் பிரான்சும் அடிக்கடி போர் புரிந்துகொண்டிருந்த காலத்தில், 1703 இல் செய்துகொண்ட மெதுவன் உடன்படிக்கை போர்த்துக்கேய வைனுக்கு இங்கிலாந்தில் பிரெஞ்சு வைனைவிடக் குறைந்த தீர்வை என்று வகுத்தது. அதன்பின் வியாபாரம் பெருகியது. பெருகிய வியாபாரம் பிரித்தானிய வணிகர் கைக்குள் இருந்தது. மலையில் விளைவதை ஆற்றுவழியே இறக்கிப் போர்ட்டோவுக்கு எதிர்க்கரையிலுள்ள வில நோவா டி காயாவின் கிடங்குகளில் அடுக்கி, அங்கிருந்து கப்பலேற்றினார்கள். எங்கள் மலைநாட்டுத் தேயிலையை உலகம் லிப்டன் என்ற பெயரால் அறிந்ததை நினைத்துப் பார்க்கிறேன். (1867 இல் லூல்கந்துரையில் முதற்தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லருக்கும் அந்த வைன் கம்பனி டெய்லருக்கும் உறவில்லை. ஆனால் இரண்டு மலைகளிலும் ஒரே பெயர் இருப்பது என் போன்ற பழைய துணையாசிரியர்களுக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.)

ஒற்றுமை பெயரோடு நிற்கவில்லை. 1860களில் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பைலொக்செரா என்ற நுண்ணிய பூச்சி ஐரோப்பியத் திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்னத் தொடங்கியது. டூரோவில் கொடிகள் கருகின. கைவிடப்பட்ட மதில்படிகளை அவ்வூரார் சாவோடு தொடர்புடைய ஒரு சொல்லால் அழைக்கிறார்கள். அவற்றில் பல இன்றும் புதர் மண்டிக் கிடக்கின்றன. அதே காலத்தில், 1869 இல், இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. அங்கே அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டிப் பயிரைக் காப்பாற்றினார்கள். பூச்சியும் மருந்தும் ஒரே நாட்டிலிருந்து வந்தன. இங்கே பயிரே மாறியது. தோட்டமும் லயமும் கூலியும் மாறவில்லை.

சட்டம் என்றேன். பின்னாளில் பொம்பால் பிரபு என்று அழைக்கப்பட்ட முதன்மை அமைச்சர் 1756 இல் ஒரு கம்பனியை அமைத்து, போர்ட் வைன் எந்த எல்லைக்குள் விளையவேண்டும் என்று வரையறுத்தார். எல்லையைக் காட்டக் கருங்கற் தூண்கள் நடப்பட்டன. அவற்றுள் சில இன்றும் நிற்கின்றன. எல்டர் என்ற பழத்தைப் பிழிந்து வைனுக்கு நிறமேற்றும் கலப்படம் அப்போது பரவியிருந்தது. அதை நிறுத்த அந்த மரங்களையே பிடுங்கச் சொல்லி உத்தரவிட்டார். பெயரைக் காப்பாற்ற மரத்தை வெட்டிய அரசு! ஆனால் கம்பனிக்குக் கொடுத்த ஏகபோகம் போர்ட்டோவின் தவறணைக்காரரை நடுத்தெருவில் விட்டது. 1757 இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அரசு அடக்கியது. பலர் தூக்கிலிடப்பட்டனர். குடிகாரரின் கலகம் என்று அதற்குப் பெயரிட்டார்கள். ஆள்பவர்களுக்குப் பிடிக்காத கலகங்களுக்கு இப்படியான பெயர்கள் எளிதாகக் கிடைத்துவிடுகின்றன.

தவறணை என்று எழுதும்போதே கை நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் எல்லோரும் அறிந்த இந்தச் சொல் போர்த்துக்கேயரின் தவெர்னா வழி வந்தது என்பர். பீப்பாய் அவர்களுடைய பீப்பா. இன்றும் டூரோவில் வைனைப் பீப்பா கணக்கில்தான் அளக்கிறார்கள், ஒரு பீப்பா 550 லீற்றர். கோப்பை, மேசை, கதிரை, அலுமாரி, சாவி, குசினி, விறாந்தை, சப்பாத்து, லேஞ்சி, பாண். எங்கள் வீட்டு விறாந்தையில் கதிரையைப் போட்டு, மேசையில் பாணை வைத்துச் சாப்பிடும் ஒருவன் காலை உணவுக்குள்ளேயே அரைவாசிப் போர்த்துக்கல்லைப் பார்த்துவிடுகிறான். அங்கே எனக்கு ஆரைத் தெரியும் என்று கேட்ட நண்பனுக்கு இதைச் சொன்னேன். "சொல்லைப் பார்க்கவோடா வீசா எடுக்கிறாய்?" என்றான்.

சின்னம்மாவுக்கும் ஒரு விடை கடன்பட்டிருக்கிறேன். போர்ட் வைன் இனிப்பாக இருப்பதற்குக் காரணம், நொதித்துக்கொண்டிருக்கும் சாற்றில் பாதிவழியில் திராட்சைச் சாராயத்தைச் சேர்ப்பது. நொதித்தல் நின்றுவிடும். மதுவாக மாறாத சர்க்கரை அப்படியே தங்கிவிடும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு சின்னக் கோப்பை என்பதற்கு மேல் அதைக் குடிக்க முடியாது. ஆனால் இதைச் சொல்லிச் சின்னம்மாவைச் சமாதானப்படுத்த நான் விரும்பவில்லை. எங்கள் ஊரில் பனையேறிக் கள் இறக்கியவர்களைச் சமூகம் எங்கே நிறுத்தியிருந்தது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கள்ளைக் குடித்தவர்கள் முற்றத்துக்குள் நின்றார்கள். இறக்கியவர் படலைக்கு வெளியே நின்றார். நாளைக்கு இருமுறை, பல மரங்களில், உயிரைக் கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறும் அந்தத் தொழிலுக்கு ஒரு மரபுரிமைப் பட்டயம் கொடுக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. டூரோ மதில் கட்டியவன் உயிரோடு இருந்த காலத்தில் அவனுக்கும் பெரிதாக மரியாதை கிடைத்திருக்காது. குறைந்தபட்சம் அவன் கட்டியதைக் காட்டி இன்று பெருமைப்படுகிறார்கள்.

இனித் திட்டத்துக்கு வருகிறேன். கொழும்பிலிருந்து லிஸ்பனுக்கு நேரடி விமானம் கிடையாது. வளைகுடா நகரொன்றில் இறங்கி மாறவேண்டும். லிஸ்பனில் ஐந்து நாட்கள். அங்கிருந்து ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் போர்ட்டோ. அங்கே இரண்டு நாட்கள் போதும். ஒரு கிடங்கை மட்டும் பார்ப்பேன், பத்தைப் பார்ப்பதில் பயனில்லை. பின்னர் சாவோ பென்டோ நிலையத்துக்குப் போகவேண்டும். நீலமும் வெள்ளையுமான ஓடுகளில் வரலாற்றுக் காட்சிகள் தீட்டிய மண்டபம் அது, ரயிலைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்று போனவர்கள் சொல்கிறார்கள். அங்கிருந்து கிழக்கே டூரோ ரயில்பாதை. பீன்யோங் என்ற சிற்றூர் வரை ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். போகும்போது வலப்பக்க இருக்கையில் அமர வேண்டும். பாதை ஆற்றின் வடகரையில் செல்வதால் ஆறு வலப்பக்கத்திலேயே வரும். பீன்யோங்கில் ஐந்து நாட்கள். அவ்வளவுதான். தெற்கே அல்கார்வே கடற்கரை இல்லை, பக்கத்தில் இருக்கும் ஸ்பெயினும் இல்லை.

அறுவடைக் காலத்தில் அங்கே பணம் கட்டினால் சுற்றுலாப் பயணிகளையும் திராட்சை பறிக்க விடுகிறார்கள். கருங்கற் தொட்டிக்குள் இறங்கிக் காலால் மிதிக்கவும் விடுகிறார்கள். பாட்டு, படம், பகற்சாப்பாடு எல்லாம் உண்டு. நான் அதைச் செய்யப்போவதில்லை. நுவரெலியாவில் வாடகைக்குச் சேலை கட்டி, முதுகில் கூடை மாட்டிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவில் படமெடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு என்ன தோன்றுமோ அதுவே அங்குள்ள கூலியாளுக்கும் தோன்றக்கூடும். தெருவோரம் நின்று பார்ப்பேன். அவர்கள் சாப்பிடும் கடையில் சாப்பிடுவேன். மதில்களுக்கிடையே நடக்க என் முழங்கால் இடங்கொடுக்கும் வரை நடப்பேன்.

ஆற்றில் ஓரிடத்தையும் பார்க்க விருப்பம். வலெய்ரா என்ற அந்த இடத்தில் முன்னர் பயங்கரமான சுழிப்பு இருந்தது. ஆற்றின் அருமையான வரைபடங்களை வரைந்த ஜோசப் ஃபொரெஸ்டர் என்ற வணிகர் 1861 இல் அங்கே படகு கவிழ்ந்து இறந்தார். அதே படகில் சென்ற தோனா அன்டோனியா ஃபெரெய்ரா உயிர் தப்பினார். டூரோவின் பெரும் தோட்டங்களுக்குச் சொந்தக்காரி அவர். ஃபொரெஸ்டரை இடுப்பிலிருந்த காசுப்பட்டி ஆழத்துக்கு இழுத்தது, தோனா அன்டோனியாவை அகன்ற பாவாடை மிதக்க வைத்தது என்று ஊரில் கதை. பெரும்பாலும் கதைதான். ஆனாலும் செய்தி ஆசிரியராக இருந்திருந்தால் அதை வெட்டியிருக்க மாட்டேன். அணை கட்டிய பின் இப்போது அங்கே நீர் அமைதியாக நிற்கிறது.

லிஸ்பனில் ஏன் ஐந்து நாட்கள் என்று கேட்கலாம். இங்கேதான் படிவத்துக்கும் எனக்கும் சிக்கல்.

அப்பாவின் இரும்புப் பெட்டியில் ஒரு காணி உறுதி இருந்தது. எங்கள் வளவு எந்தக் கோயிற்பற்றில் உள்ளது என்று அதில் எழுதியிருக்கும். சின்ன வயதில் அது கந்தசுவாமி கோயிலைக் குறிப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும்போதுதான் தெரிந்தது, அது போர்த்துக்கேயர் தங்கள் தேவாலயங்களைச் சுற்றி வகுத்த பிரிவு என்று. 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி, அரசன் சங்கிலியைக் கோவாவுக்கு அனுப்பிக் கொன்று, 1658 இல் ஒல்லாந்தரிடம் தோற்றுப் போகும்வரை நாற்பது வருடங்கள்கூட அவர்கள் எங்களை முழுமையாக ஆளவில்லை. ஆனால் அதற்குள் காணியையும் குடியையும் வரியையும் எழுதி வைத்தார்கள். அந்தப் பதிவேட்டின் பெயர்தான் தோம்பு. ஒல்லாந்தரும் அதே பெயரில் எழுதினார்கள். தோம்பு என்பதும் அவர்களுடைய சொல்லே. லிஸ்பனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பெயர் தோரெ டோ தோம்பு, அதாவது தோம்புக் கோபுரம். 1378 அளவில் கோட்டையிலிருந்த ஒரு கோபுரத்தில் அரச ஆவணங்களை வைக்கத் தொடங்கியதால் வந்த பெயர்.

1755 நவம்பர் 1 ஆம் திகதி, சகல பரிசுத்தவான்களின் திருநாளன்று காலை, லிஸ்பனைப் பூகம்பம் குலுக்கியது. பின் கடல் பொங்கியது, பின் நகரம் நாட்கணக்கில் எரிந்தது. அந்தக் கோபுரமும் இடிந்து விழுந்தது. அதன் காவற்பொறுப்பிலிருந்தவர் மனுவெல் டா மையா என்ற பொறியியலாளர், எழுபத்தைந்தைத் தாண்டிய கிழவர். இடிபாடுகளுக்குள்ளிருந்து கட்டுக்கட்டாக ஏடுகளை மீட்டு, கோட்டைத் திடலில் மரக்கொட்டகை போட்டு அடுக்கினார். அதே மனிதர்தான் நகரத்தைத் திரும்பக் கட்டுவதற்கான திட்டத்தையும் எழுதினார். அவர் மீட்ட ஏடுகள் இடம் மாறி மாறி, 1990 இலிருந்து பல்கலைக்கழகப் பகுதியிலுள்ள புதிய கட்டடத்தில் இருக்கின்றன.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மறுநாள் காற்றில் பறந்துவந்து எங்கள் முற்றத்தில் விழுந்த கருகிய தாளை அப்பா குனிந்து எடுத்தார். கையில் எடுத்ததும் அது உதிர்ந்துவிட்டது. எங்களிடம் ஒரு மனுவெல் டா மையா இருந்தாலும் மீட்பதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை. எரித்தவர்கள் பூகம்பத்தைவிடத் தீர்க்கமாக வேலை செய்திருந்தார்கள்.

எங்கள் நல்லூர்க் கோயிலை இடித்தவர்கள், எங்கள் அரசனைக் கொன்றவர்கள், அவர்களுடைய காகிதத்தில்தான் எங்கள் ஊர்களின் பதினேழாம் நூற்றாண்டு இன்னும் தப்பி இருக்கிறது. பி. ஈ. பீரிஸ் 1920 இல் வெளியிட்ட, 1645 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் பற்றிய நூல் போர்த்துக்கேய ஆவணங்களைக் கொண்டே எழுதப்பட்டது. அது வந்து நூறு வருடங்களாகியும் அந்த ஏடுகளைத் தமிழில் யாரும் முழுமையாகக் கொண்டுவரவில்லை என்பது எங்கள் பல்கலைக்கழகங்கள் கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய விடயம். நானும் அந்த வேலையைச் செய்யப் போவதில்லை. எனக்குப் போர்த்துக்கேய மொழி தெரியாது, பழைய கையெழுத்தை வாசிக்கவும் தெரியாது. அங்கே பல ஏடுகளைப் படம்பிடித்து இணையத்தில் இட்டிருக்கிறார்கள், வீட்டிலிருந்தே பார்க்கலாமே என்று மகள் சொல்கிறாள். பார்த்தேன். திரையில் பார்ப்பது போதவில்லை. தோம்பு என்று எழுதிய வாசலுக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டு வரவேண்டும் என்று ஒரு விருப்பம். பெலேமிலுள்ள ஜெரோனிமஸ் மடத்தில் வாஸ்கோ ட காமாவின் கல்லறையும் கவிஞர் கமோயிஸின் கல்லறையும் இருக்கின்றன. கமோயிஸ் 1572 இல் வெளியிட்ட காவியத்தின் முதற்பாடலிலேயே எங்கள் தீவின் பழைய பெயரான தப்ரபேன் வருகிறது. அதையும் ஒரு நாள் காலையில் போய்ப் பார்ப்பேன். 1505 இல் அவர்கள் வீசா எடுக்காமல்தானே வந்தார்கள் என்ற பகிடியை இதற்குள் நான்கு பேர் சொல்லிவிட்டார்கள். முதல்முறை சிரித்தேன்.

படிவத்தோடு ஒரு முகப்புக் கடிதமும் கொடுக்க வேண்டும். என்னுடையதில் மூன்று பந்திகள். முதலாவதில் திகதிகள், விடுதி முன்பதிவு, 30,000 யூரோவுக்கான காப்புறுதி. மூன்றாவதில் வேலை, ஓய்வூதியம், வீடு, திரும்பி வருவதற்கான காரணங்கள். 2022 இல் ரூபாய் விழுந்த பின்னர் இந்தப் பந்தியை எழுதுவதற்கு முன்னரைவிட அதிகத் துணிச்சல் வேண்டும். வங்கி அறிக்கையிலுள்ள தொகையை யூரோவுக்கு மாற்றிப் பார்த்தால் எனக்கே ஐயம் வருகிறது. வீசாக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ, மறுத்தாலும் திருப்பித் தரமாட்டார்கள். இரண்டாவது பந்தியில் தோம்பைப் பற்றியும் டூரோ மதில்களைப் பற்றியும் எழுதியிருக்கிறேன்.

வீசா விடயங்கள் தெரிந்த நண்பரொருவர் வாசித்துவிட்டு, "அண்ணை, ரண்டாம் பந்தியை வெட்டுங்கோ. சுற்றுலா எண்டு போட்டு, நாலு இடத்தின்ரை பேரை எழுதினால் போதும். காணி, உறுதி, பழைய அரசாங்கம் எண்டு எழுதினால் இவன் ஏதோ வழக்குப் போட வாறான் எண்டு நினைப்பாங்கள்" என்றார். அவர் சொல்வதில் நியாயமிருக்கிறது. உத்தியோகத்தருக்கு ஒரு விண்ணப்பத்தை வாசிக்கச் சில நிமிடங்கள்தான். அவர் தேடுவது வழக்கமான ஒரு சுற்றுலாப் பயணியை. பெலேம் கோபுரம், வைன் சுவைத்தல், கடற்கரை என்று எழுதினால் அவருக்கும் வேலை எளிது, எனக்கும் எளிது.

ஆனால் பொய்யான நோக்கத்தை எழுத வேண்டிய தேவை என் நண்பர்களுக்கு இருந்தது. ஓடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தத் தேவை இல்லை. யாரும் என்னைத் துரத்தவில்லை. ஒரு நாட்டின் மலையையும் ஆவணத்தையும் பார்க்க ஆசைப்படுகிறேன், பார்த்துவிட்டு வந்து எழுதுவேன். இதை உள்ளபடி எழுதிக்கொடுத்து நிராகரிக்கப்படுவதே மேல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் மனைவிக்கு இதில் உடன்பாடில்லை. 90 யூரோவில் ஒரு மாத மின்சாரக் கட்டணம் கட்டி மிச்சமும் பிடிக்கலாம் என்கிறார்.

விண்ணப்பம் கொடுக்க அடுத்த மாதம் ஒரு திகதி கிடைத்திருக்கிறது. சுற்றுலாப் பெட்டியில் அடையாளம் இட்டுவிட்டேன். கடிதத்தை இன்று காலை மீண்டும் ஒருமுறை வாசித்தேன். இரண்டாம் பந்தியில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. அதை மட்டும் திருத்தினேன்.